டேப்லெட்டா, லேப்டாப்பா? தமிழ் எழுத்து கணினிக்குள் நுழைந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

வில்லாபுரத்தில் இருந்து பேசுறேன். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. அதை நிறுத்தினா மதுரை வெயில்ல நான் பேசி முடிக்க மாட்டேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒண்ணு மனசுல நின்னுச்சு. "தங்கச்சி காலேஜ் சேர்றா. டேப்லெட் வாங்கித் தரலாமா, லேப்டாப் வாங்கித் தரலாமா? டேப்லெட் பார்க்க நல்லா இருக்கு, ஹேங் ஆகாது. ஆனா எல்லாரும் லேப்டாப்னு சொல்றாங்க." இது வரலாறு பேசுற நிகழ்ச்சி, கேட்ஜெட் ரிவ்யூ கிடையாது. ஆனா இந்தக் கேள்வி தமிழ்நாடு பட்ஜெட்டிலேயே வந்த கேள்விதான். 2025 மார்ச்சில், அடுத்த 2 வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு கைக்கணினியோ மடிக்கணினியோ தருவோம் என்று அறிவித்தார்கள். கைக்கணினி என்றால் டேப்லெட். பிறகு எல்காட் டெண்டர் விட்டது லேப்டாப்புக்கு. ஏன் அது முக்கியமான முடிவுன்னு நான் நினைக்கிறேங்கிறதைச் சொல்லத்தான் இந்த எபிசோட்.

ஒரு சாதனத்தை எடைபோட நான் 2 வாசலைப் பார்ப்பேன். ஒண்ணு, உள்ளே போற வாசல்: எனக்கு வேண்டியதை, கம்பெனிகிட்ட கேட்காம, நானே உள்ளே போட முடியுமா? இன்னொண்ணு, வெளியே வர்ற வாசல்: நான் போட்டதை நாளைக்கு வேற சாதனத்துக்கு எடுத்துட்டுப் போக முடியுமா? இந்த ரெண்டு வாசலுக்காக கடந்த 40 வருஷத்துல அதிகமா அலைஞ்சது யாருன்னு கேட்டா, தமிழ் எழுத்துதான்.

முதல்ல சாதனங்களோட கதையைச் சுருக்கமாப் பார்த்துடலாம். 1977-ல வந்த ஆப்பிள் 2 கணினியோட மூடியைத் திறந்தா உள்ளே 8 ஸ்லாட் இருக்கும். யார் வேணும்னாலும் ஒரு கார்டு செய்து செருகலாம். அதே ஆப்பிள் 1984-ல மேக்கின்டாஷ் கொண்டுவந்தப்போ ஸ்லாட்டே கிடையாது. பெட்டியைத் திறக்க சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போதாது, நீளமான தனி டூல் வேணும். இதுல ஒரு வேடிக்கை: அந்தப் பெட்டியோட உட்பக்கத்துல அதை உருவாக்கின குழுவோட கையெழுத்துகளை அச்சு வார்த்திருந்தாங்க. வாங்கினவங்க பார்க்கவே கூடாத இடத்துல!

நடுவுல, 1981-ல, ஐபிஎம் தன்னோட பிசியின் சர்க்யூட் வரைபடம் முதற்கொண்டு கையேடா போட்டு வித்தது. அதைப் பார்த்து காம்பேக் மாதிரி கம்பெனிகள் அதே மாதிரி இயங்குற மெஷின்களைச் செஞ்சாங்க. அந்த வழியில வந்ததுதான் நம்ம ஊர் 'அசெம்பிள்டு' கணினி. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினட் ஒரு கடைன்னு வாங்கி மாட்டுவாங்க. தமிழ்நாட்டு டிடிபி கடைகள்ல கல்யாணப் பத்திரிகை அடிச்ச மெஷின்ல பெரும்பாலானது இப்படி வந்ததுதான். மேக் அழகு, ஆனா விலை எட்டாத உயரத்துல இருந்துச்சு.

இப்ப தமிழுக்கு வருவோம். அந்தக் காலத்து எழுத்துருவில் மொத்தம் 256 இடம். அதில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விடும். கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் நம்ம ஆட்கள் ஒரு தந்திரம் பண்ணாங்க. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்துவிட்டார்கள். பாமினி வகை எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரையில் தமிழ், உள்ளே குப்பை.

இதை மட்டமா நினைக்காதீங்க. யார்கிட்டயும் அனுமதி கேட்காம, எந்தக் கம்பெனியோட தயவும் இல்லாம, தமிழ் உள்ளே போன வாசல் இதுதான். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேலை பார்த்த வேதியியல் ஆராய்ச்சியாளர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். 1997-ல் தமிழ்நெட் மாநாட்டை சிங்கப்பூரில் நடத்தியவரும் அவர்தான்.

ஆனா பிரச்சினை அங்கேயே ஆரம்பிச்சுது. ஒவ்வொருத்தரும் 'அ'வை ஒவ்வொரு இடத்துல வெச்சாங்க. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் படித்தவர்களைக் கேளுங்கள், ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் தனி ஃபான்ட் இறக்கிய கதையைச் சொல்வார்கள். தேடுபொறியில் தேட முடியாது. அகர வரிசைப்படி அடுக்க முடியாது. மெஷின் முழுக்கத் திறந்த மெஷின், யார் வேணாலும் எதையும் போடலாம். அதனாலேயே ஆளுக்கொரு அறை கட்டி, ஆளுக்கொரு பூட்டுப் போட்டாச்சு. உள்ளே போற வாசல் விரியத் திறந்து கிடந்துச்சு, வெளியே வர்ற வாசலை யாரும் கட்டவே இல்லை. திறந்த தொழில்நுட்பம்னா எல்லாம் நல்லதுன்னு நினைக்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இந்தக் கதையைத்தான்.

இதை மிக நன்றாக அனுபவித்த திட்டத்தின் பெயர் நம்ம ஊர்ப் பெயர்: மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. எங்க பகுதியில் பொங்கல்னா பக்கத்து அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. ரோடு பூரா தடுப்பு போட்டு, வில்லாபுரத்துல இருந்து வண்டி எடுக்கவே யோசிக்கணும். அதே பொங்கல் நாளில்தான் லோசானில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும், பழந்தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் மூலம் தட்டச்சு செய்து யாருக்கும் இலவசமாகத் தரும் வேலையை ஆரம்பித்தார்கள். சங்கம் இருந்த ஊர் என்பதால் மதுரை. வேலை செய்தவர்கள் பல நாட்டில் இருந்தார்கள். பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது.

அவங்க செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா, நூல்களை ஒரு கம்பெனியோட ஃபான்ட்டில் பூட்டலை. தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் மடற்குழுக்களில் சண்டை போட்டு, விவாதித்து உருவாக்கிய தஸ்கி என்ற பொதுக் குறியீட்டு அட்டவணையில் வெளியிட்டார்கள். எந்த எழுத்து எந்த எண்ணில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த அட்டவணை. அதே காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. இன்றைக்கு நம்ம போன்ல இருக்கிற தமிழ்99 கீபோர்டு அந்த மாநாட்டின் கொடைதான். குறியீடுகள் காலாவதி ஆயிடுச்சு, கீபோர்டு நிலைச்சிடுச்சு.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாச்சு. ஆனா அட்டவணையில் இடம் இருந்தா போதாது. 'கொ' என்று அடித்தால் கொம்பையும் காலையும் சரியான பக்கத்தில் போடுகிற வேலையை இயங்குதளம் செய்ய வேண்டும். விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் அதைச் செய்தது. ஆப்பிள் 2005-ல், மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4-ல், முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துருவைச் சேர்த்தது. லினக்ஸ் பக்கம், 2000-ஐ ஒட்டியே தன்னார்வலர்கள் கேடிஇ என்ற திரை முகப்பைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள். மெனுவில் 'கோப்பு', 'திருத்து' என்று தமிழில் பார்க்க, சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து மொழிபெயர்த்த கூட்டம் அது. நேர்மையாச் சொல்லணும்னா, அந்தக் காலத்து லினக்ஸை வீட்டுல நிறுவறது ஒரு நோன்பு மாதிரி. சவுண்ட் வந்தா மோடம் வேலை செய்யாது. மேக்கில் தமிழ் வந்தப்போ, வந்த அன்னைக்கே ஒழுங்கா இருந்துச்சு.

மதுரைத் திட்டம் 2004-ல் இருந்து யூனிகோடிலும் நூல்களை வெளியிட்டது. பழைய தஸ்கி கோப்புகளை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை, மாற்றி நிரல் போதும். அட்டவணை பொதுவில் இருந்ததால் அந்த நிரலை யாராலும் எழுத முடிந்தது. வெளியே வர்ற வாசல்னு நான் சொன்னது இதைத்தான். தனித்தனி ஃபான்ட்டில் அடித்து வைத்த எத்தனையோ அரசுக் கோப்புகள், மலர்கள், ஆய்வேடுகள் வேறு கதி அடைந்தன. அவற்றை மீட்கவும் தன்னார்வலர்கள்தான் ஒவ்வொரு ஃபான்ட்டாக உட்கார்ந்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, மாற்றிகள் எழுதினார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் 'டேஸ் 16' குறியீட்டையும் தரமாக அறிவித்து ஆணையிட்டது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது.

இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க. விண்டோஸ் மூடிய மென்பொருள்தான், மூலநிரலை யாரும் பார்க்க முடியாது. ஆனாலும் அதில் ஒரு வெளியாள் கீபோர்டு எழுதிப் போட முடிந்தது. 'தமிழா' குழுவின் முகுந்தராஜ் கொடுத்த இ-கலப்பை அப்படி வந்ததுதான். தமிழில் வலைப்பதிவு எழுத வந்த ஒரு தலைமுறையே அதில்தான் அடித்தது. முதலில் இ-கலப்பை 'கீமேன்' என்ற இன்னொரு கம்பெனி மென்பொருளின் மேல் உட்கார்ந்திருந்தது. அடுத்தவர் உரிமத்தில் எத்தனை நாள் ஓட்டுவது? மூன்றாவது பதிப்பை முழுக்கச் சொந்த நிரலாக எழுதி, திறந்த மூலமாக வெளியிட்டார்கள். பின்னாளில் கீமேனும் திறந்த மூலமானது தனிக்கதை.

ஐஃபோனில் 2007-ல் இந்த வாசலே கிடையாது. தமிழில் அடிக்கணும்னா, ஒரு செயலிக்குள்ளே போய் அடிச்சு, காப்பி பண்ணி, வேற இடத்துல ஒட்டணும். தமிழ் விசைப்பலகை ஐஓஎஸ்-லேயே வந்தது 2013-ல். வெளியாள் எழுதின கீபோர்டை போன் முழுக்கப் பயன்படுத்தலாம்னு ஆப்பிள் அனுமதிச்சது 2014-ல. ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் தமிழில் நிரல் எழுதத் தெரிஞ்ச ஆள் இல்லாம இல்லை. 2005-லேயே சாதாரண ஜாவா போன்ல 'செல்லினம்' மூலமா தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பியாச்சு. கதவைத் தட்டிட்டு வெளியே நின்னோம், அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டு ரொம்ப யோக்கியமான்னு கேப்பீங்க. ஆரம்ப ஆண்ட்ராய்டு போன்கள்ல தமிழ் கட்டம் கட்டமாத் தெரியும். அப்ப ஒரு குறுக்கு வழி இருந்துச்சு, உங்கள்ல யாருக்கு ஞாபகம் இருக்குன்னு பார்ப்போம்: ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் 'கான்ஃபிக்' பக்கத்தை வரவழைத்து, கடைசி வரியில் பிட்மேப் எழுத்துரு என்பதற்கு 'யெஸ்' கொடுத்தால், தமிழ் எல்லாம் படமாக மாறி வரும். அசிங்கமா இருக்கும், ஆனா படிக்கலாம். திறந்த தளத்தோட குணம் அதுதான். ஒழுங்கா இருக்காது, ஆனா யாராவது ஒருத்தர் ஒரு வழி கண்டுபிடிச்சு, அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரவிடும்.

கிண்டில் கதையும் இதே ரகம். படிக்கிறதுக்கு அதைவிட அருமையான சாதனம் நான் பார்த்ததில்லை. கண் வலிக்காது, சார்ஜ் வாரக்கணக்கில் நிக்கும். ஆனா தமிழ் மின்னூல்களை அமேசான் முறைப்படி ஏற்றுக்கொண்டது 2016 டிசம்பரில். 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு அதுவரை சும்மா இருக்கலை. கிண்டில் திரையின் அளவுக்கே, 6 அங்குலத்துக்கு, பிடிஎஃப் செய்து கொடுத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, ஆனால் தமிழ் உடையாது.

இனி, நம்ம வீடுகளுக்குள் வந்த பெட்டி. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர், அந்த நிறுவனத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் போனது. 90-களில் மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தவர் என்பதால் இந்த ஊரில் பழைய ஆட்களுக்கு அவர் பெயர் பழக்கம். 2007-ல் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. அப்புறம் 2011 செப்டம்பர் 15, விலையில்லா மடிக்கணினித் திட்டம். 5 வருஷத்தில் 68 லட்சம் பேருக்கு என்று அறிவிப்பு. கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டுமே இருந்தன. ஆன் பண்ணினால் எது வேண்டும் என்று கேட்கும்.

எங்க வீட்டுல அக்காவுக்கு ஒண்ணு வந்துச்சு. அந்தக் கேள்வி வந்த முதல் நாள் அக்கா, "இது என்னடா, எதை அமுக்கன்னு தெரியல"ன்னு என்னைக் கேட்டா. எனக்கும் தெரியாது. விண்டோஸை அமுக்கினோம். அதுக்கப்புறம் பாஸ் பக்கம் யாரும் போகவே இல்லை. தெருவுல லேப்டாப் வாங்கின மத்தவங்களும் அப்படித்தான். படம், பாட்டு, கேம், பென் டிரைவ், கூடவே ஷார்ட்கட் வைரஸ். அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாதுன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா, அதுக்காகவே மாறியிருப்போம். திறந்த தளத்தை டிஸ்கில் போட்டுக் கொடுத்தாங்க, சொல்லிக் கொடுக்க ஆள் கொடுக்கலை. என் கணக்குல அந்தத் திட்டத்தோட பெரிய குறை இதுதான்.

ஆனா அந்தப் பெட்டி வேற ஒரு விதத்துல திறந்து இருந்துச்சு. அடியில் நாலு ஸ்க்ரூ. பின்னாளில் அக்காவின் பையன் அதை ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனான். ரேம் கூட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டு, லேசான ஒரு லினக்ஸ் ஏத்தி, பைத்தான் கத்துக்கிட்டான். அதே வயசுள்ள டேப்லெட்டை நினைச்சுப் பாருங்க. பேட்டரி பசை போட்டு ஒட்டியிருக்கும், ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், அப்டேட் நின்னிருக்கும். டிராயர்ல கிடக்கும்.

மூடிய சாதனத்துக்கு நான் கொடுக்க வேண்டிய மதிப்பையும் கொடுத்துடறேன். பார்வையற்ற நண்பர்கள்கிட்ட பேசினா இந்த விவாதம் வேற மாதிரி இருக்கும். 2009-ல் ஐஃபோன் 3ஜிஎஸ்-ல் வாய்ஸ்ஓவர் வந்தது. தடவிப் பார்க்க எதுவுமே இல்லாத வெறும் கண்ணாடியை, பார்வையற்றவர் ஓட்டக்கூடிய கருவியா மாத்தினாங்க. பெட்டியிலிருந்து எடுத்த நிமிஷமே வேலை செய்யும், தனியாக் காசு கிடையாது. ஒரே கம்பெனி மேலிருந்து கீழ்வரை எல்லாத்தையும் கையில வெச்சிருந்தா இப்படி ஒண்ணைச் செய்ய முடியும். அதே சமயம், கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆன காலத்தில், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் என்விடிஏ-வை இலவசமாக, திறந்த மூலமாக எழுதினார்கள், 2006-ல் தொடங்கியது. அதனுடன் வந்த இ-ஸ்பீக் தமிழும் படித்தது. ரோபோ பேசுற மாதிரி, உணர்ச்சியே இல்லாத குரல். ஆனா அந்தக் குரலைக் கேட்டுத் தேர்வுக்குப் படிச்சவங்க இருக்காங்க.

சரி, தங்கச்சிக்கு என்ன வாங்கலாம்? லேப்டாப் வாங்குங்க தம்பி. பளபளப்பு கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லை. வாங்குமுன்னாடி ரேம் கூட்ட முடியுமா, டிஸ்க் மாத்த முடியுமான்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. புது மெலிசு லேப்டாப்கள் பலதுல ரேமைப் பற்றவைத்தே தர்றாங்க, பேருக்குத்தான் அது லேப்டாப். அரசு லேப்டாப் கிடைச்சா ரெட்டைச் சந்தோஷம். அம்மாவுக்கோ பாட்டிக்கோ வீடியோ காலுக்குன்னா, யோசிக்காம டேப்லெட் வாங்குங்க, உங்களுக்கு நிம்மதி. தங்கச்சி நோட்ஸ் எழுதுற செயலி எதுவா இருந்தாலும், சேர்ந்த முதல் வாரமே அதை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. எடுக்க முடியலைன்னா அன்னைக்கே மாத்திடலாம். மூணாவது வருஷம் தெரிஞ்சா கஷ்டம்.

இந்த எபிசோடுக்காக நேத்து ஒரு சோதனை பண்ணினேன். மதுரைத் திட்டத்தோட முதல் நூல் திருக்குறள். அந்த யூனிகோட் கோப்பை அக்காவோட பழைய லேப்டாப்பில் திறந்தேன். அப்புறம் நண்பன்கிட்ட ஐபேட் கடன் வாங்கி அதிலயும் திறந்தேன். ரெண்டுலயும் ஒரு எழுத்துகூட உடையலை. ஐபேட்ல ஃபான்ட் இன்னும் கொஞ்சம் அழகா இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன்.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அந்த ஓபரா மினி செட்டிங்கை நீங்களும் மாத்தியிருந்தா, எந்த வருஷம், எந்த போன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.